மாப்ளே, சாப்ட்வேருக்கு நாள் குறிச்சாச்சா?

வா மாப்ளே, உட்காரு. டீ சொல்லட்டுமா? பத்திரிகையெல்லாம் அடிச்சுக் கொண்டாந்திருக்கே, பலே. உன் மக காதுகுத்துக்கு எனக்கு வாட்ஸ்அப்புலதான் சேதி வந்துச்சு. கம்பெனிக் கணக்கு, சரக்கெல்லாம் பார்க்கப்போற சாப்ட்வேருக்கு மட்டும் நாலு மூலையிலயும் மஞ்சள் தடவின பத்திரிகை. இருக்கட்டும், மாமனைவிட கம்ப்யூட்டருக்கு மரியாதை கூடிப்போன காலம்தானே இது.

ஏப்ரல் 1, நல்ல நேரத்துல குத்துவிளக்கு. கேட்டுல ப்ளெக்ஸ். பெரிய மனுசர் ஒருத்தர் ரிப்பன் வெட்டுவாரு, நீ என்டர் பட்டனைத் தட்டுவே, எல்லாரும் கைதட்டுவாங்க, அப்புறம் பிரியாணி. பிரியாணிக்கு அப்புறம் என்னன்னு பத்திரிகையில போடல. அதைக் கேக்கத்தான் உன்னைக் கூட்ரோட்டுல நிறுத்தி வரச் சொன்னேன்.

உன் ஏற்பாட்டுல நான் குறையே சொல்ல மாட்டேன். தேதியை ஜோசியர் குறிச்சாரு. சாப்ட்வேரை உன் மச்சான் தேர்ந்தெடுத்தான், ஏன்னா அந்த பெங்களூர்க்காரர் பேசின இங்கிலீஷ் அவனுக்குப் பிடிச்சுப்போச்சு. கம்ப்யூட்டரை எந்த மூலையில வைக்கிறதுன்னு வாஸ்துக்காரர் சொன்னாரு. எல்லாரையும் கேட்டிருக்கே. விடியக்காலம் லாரி வந்து ஹார்ன் அடிச்சா எழுந்து போய்ச் சரக்கை இறக்கி, எண்ணி, நோட்டுல எழுதி, ரேக்குல வைக்கிற ஸ்டோர்காரர் ஒருத்தரைத்தான் விட்டுட்டே. பரவாயில்ல. அவருக்கு என்ன தெரியும்? உங்கப்பா காலத்துலருந்து எந்தச் சாமான் எங்க இருக்குதுன்னு மட்டும்தானே தெரியும்!

இப்படி அமர்க்களமா ஆரம்பிக்கிறதுல உனக்குப் பெரிய முன்னோடிங்க இருக்காங்க, டெல்லியில. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்தப்போ நாடாளுமன்ற மைய மண்டபத்துல நடுராத்திரி விழா. ஜனாதிபதியும் பிரதமரும் சேர்ந்து பட்டனைத் தட்டினாங்க. முதல் மாசக் கணக்கைத் தாக்கல் பண்ண ஆகஸ்ட் 20 கடைசி நாள். அதுக்கு முந்தின நாளே தளம் படுத்துக்கிச்சு, 25-ம் தேதின்னு தள்ளி வச்சாங்க. பட்டனைத் தட்டின அன்னைக்கு ஒரு கோளாறும் இல்ல. தட்டின அன்னைக்கு என்னைக்குமே கோளாறு வராது மாப்ளே, அன்னைக்கு யாரு வேலை செய்றாங்க?

அதாச்சும் டெல்லிக் கதை. நம்ம ரோட்டுலயே நடந்த கூத்து இ-வே பில். 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு மாநிலம் தாண்டினா, வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஒரு சீட்டுப் போடணும். ஜூஜூவாடியில வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்தாச்சு, இனி அந்தச் சீட்டுதான் செக்போஸ்ட். நல்ல திட்டம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சோதனை ஓட்டத்தை எப்ப ஆரம்பிச்சாங்க தெரியுமா? 2018 ஜனவரி 16. காணும் பொங்கல்! தமிழ்நாட்டுல பாதிப் பேர் புளியோதரை கட்டிக்கிட்டு டேம் பார்க்கப் போற நாள். கே.ஆர்.பி. டேம்ல அன்னைக்கு கால் வைக்க இடம் இருக்காது, எந்தக் கம்பெனியில ஆள் உக்காந்து சோதனை பண்ணிக்கிட்டிருப்பான்? அந்தச் சோதனைக்கும் ரெண்டே வாரம். பிப்ரவரி 1, வியாழக்கிழமை, பட்ஜெட் வாசிக்கிற அதே நாள், நாடு மொத்தத்துக்கும் கட்டாயம்னாங்க. கன்னியாகுமரியிலருந்து காஷ்மீர் வரைக்கும் பில் போடுற அத்தனை பேரும் ஒரே தளத்தைத் தட்டினாங்க. தளம் மூச்சை விட்டுடுச்சு. அன்னைக்கே அறிவிப்பு வந்துச்சு: சோதனைக் காலம் நீட்டிக்கப்படுகிறது. நின்னுபோச்சுன்னு சொல்லல பாரு. அந்த வார்த்தையை மனப்பாடம் பண்ணி வச்சுக்க, ஏப்ரல் 2-ம் தேதி உனக்கு உதவும்.

ரெண்டாவது தடவைக்குப் புத்தி வந்துச்சு. தளத்தோட பலத்தைக் கூட்டினாங்க, அது சரி. அதைவிட முக்கியம், நாளை மாத்தினாங்க, அளவைக் குறைச்சாங்க. 2018 ஏப்ரல் 1, ஞாயித்துக்கிழமை. ரோட்டுல வண்டி கம்மி, ஆபீஸ்ல ஆள் கம்மி. அதுவும் மாநிலம் தாண்டுற சரக்குக்கு மட்டும். மாநிலத்துக்குள்ள ஓடுற சரக்குக்கு 15-ம் தேதி அஞ்சு மாநிலம், அப்புறம் இன்னும் சிலது, நம்ம தமிழ்நாட்டுக்கு ஜூன் 2, கடைசியா டெல்லிக்கு ஜூன் 16. நமக்கு உள்ளூர் சரக்குன்னா ஒரு லட்சத்துக்கு மேலதான் சீட்டுன்னு வரம்பையும் தளர்த்திக் கொடுத்தாங்க. கர்நாடகாக்காரங்க மட்டும் ஏப்ரல் 1-லயே ரெண்டுக்கும் சேர்த்து ஆரம்பிச்சாங்க. வீராப்பு இல்ல அது. 2017 செப்டம்பர்லயே தங்களுக்குள்ள ஓட்டிப் பழகிட்டாங்க. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் அரை வருஷத்துக்கு மேல கை பழகியிருந்துச்சு, இந்தப் பக்கம் நாம காணும் பொங்கல் கொண்டாடினோம்.

அடுத்தது, பட்டனைத் தட்டிட்டுக் கைகழுவுறதுக்கும் உதாரணம் இருக்கு. 2021 ஜூன் 7-ல வருமான வரிக்குப் புதுத் தளம் வந்துச்சு. செஞ்சது நம்ம பெங்களூர் இன்போசிஸ். உலகத்துக்கே சாப்ட்வேர் செஞ்சு கொடுக்கிறவங்க. ஆகஸ்ட்ல ரெண்டு நாள் சேர்ந்தாப்புல தளம் திறக்கல, நிதி அமைச்சகம் கம்பெனியோட தலைமை நிர்வாகியையே டெல்லிக்கு வரச்சொல்லி விளக்கம் கேட்டுச்சு. நான் எதுக்குச் சொல்றேன்னா, நாளைக்கு உன் சாப்ட்வேர் நின்னா நீயும் ஒருத்தரைக் கூப்பிட்டு விளக்கம் கேக்கணும். யாரைக் கேப்பே? வித்தவர் போன் எடுக்க மாட்டாரு. எடுத்தா, 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்'னு சொல்லுவாரு.

சரி, அந்த டெமோ எப்படி நடந்துச்சு? ஏசி ரூம்ல, பெரிய திரையில, பிஸ்கட்டோட. ஒரு பொருளை வாங்கினாங்க, ஒரு பொருளை வித்தாங்க, பில் வந்துச்சு, லாபம் பச்சைக் கலர்ல வந்துச்சு. நீயும் தலையாட்டினே. வெள்ளிக்கிழமை நம்ம குந்தாரப்பள்ளி சந்தைக்கு வந்து பாரு. பத்தாயிரம் ரூபாய் ஆட்டுக்கே பல்லைப் பிடிச்சுப் பார்த்து, முதுகுல கை அழுத்திப் பார்த்து, நாலு அடி நடக்கவிட்டு நொண்டுதான்னு பார்த்துட்டுதான் மடியிலருந்து காசை எடுப்பான். நீ பல லட்சத்துக்குப் போட்டோவைப் பார்த்து வாங்கிட்டே. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. போன மாசத்து பில்லுங்கள்ல உன் கணக்குப்பிள்ளையை அழவச்ச இருபதை எடு. அரைச் சரக்கு வந்தது, ரேட் மாறினது, ரிஜெக்ட் ஆகித் திரும்பினது, அட்வான்ஸ் வாங்கிட்டு ஆர்டரை மாத்தினது. அந்த இருபதையும் உன் ஆளை வச்சே அதுல போடச் சொல்லு. வித்தவர் கை மவுஸ் மேல படக் கூடாது. எது நொண்டுதுன்னு அன்னைக்குச் சாயங்காலமே தெரிஞ்சுடும்.

இப்ப உன் ஸ்டோருக்குள்ள போவோம். போனவாரம் நீ இல்லாதப்போ ஒரு நடை போனேன், உங்க ஸ்டோர்காரர் காபி கொடுத்தாரு. ஒரு புஷ், இருபத்தஞ்சு எம்எம். அவர் கையெழுத்து நோட்டுல அது 'பெரிய புஷ்'. நைட் ஷிப்ட் ஆள் சூளகிரிப் பக்கம், வீட்டுல தெலுங்கு, அவன் எழுதுறது 'பெத்த புஷ்'. மாலூர்லருந்து வர்ற பையன் 'தொட்ட புஷ்'. பர்ச்சேஸ்ல உன் மச்சான் வாங்கும்போது அதுக்கு ஒரு பார்ட் நம்பர். நாலும் ஒரே சாமான், நாலு பேருக்கும் அது தெரியும். கம்ப்யூட்டருக்கு நாலு சாமான். அதனால பெத்த புஷ் மூவாயிரம் ரேக்குல தூங்கும்போதே, தொட்ட புஷ் தீர்ந்துபோச்சுன்னு அது உனக்கு ஆர்டர் போட்டுக் கொடுக்கும். நீயும் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சுன்னு காசு அனுப்புவே. இந்தப் பேரை எல்லாம் ஒண்ணாக்குற வேலைக்கு பெங்களூர்லருந்து யாரும் வர மாட்டாங்க. வந்தாலும் அவங்களால முடியாது. அதை முடிக்கக்கூடிய ஒரே ஆள் உன்கிட்ட சம்பளம் வாங்கிக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்திருக்காரு. அவருக்குப் பத்திரிகைகூடக் கொடுக்கல நீ.

எண்ணிக்கை இன்னொரு வேடிக்கை. ரேக்குல இருக்கிறதை எண்ணிடுவீங்க. மாடிப்படிக்கு அடியில மூணு சாக்கு இருக்குது, பார்த்திருக்கியா? ஜெனரேட்டர் ரூம்ல ஒரு டிரம் நிறைய பினிஷிங் முடிஞ்ச பின்னுங்க. வாட்ச்மேன் கட்டிலுக்குக் கீழ ஒரு பெட்டி. அது என்னன்னு அவருக்கே தெரியாது, கால் நீட்ட வசதியா இருக்குதுன்னு வச்சிருக்காரு.

சிரிக்காதே. இதுல ஒரு அமெரிக்கக் கம்பெனியே கவுந்திருக்குது. ஹெர்ஷீஸ் சாக்லேட் தெரியுமில்ல? என் பேத்தி எலக்ட்ரானிக் சிட்டியில இப்படி சாப்ட்வேர் போட்டுக் கொடுக்கிற வேலைதான் பார்க்கிறா, அவங்க தொழில்ல இது பாலபாடமாம். நாலு வருஷம் ஆகும்னு கணக்குப் போட்ட சாப்ட்வேர் வேலையை ரெண்டரை வருஷத்துல முடிக்கச் சொன்னாங்க. செலவு 11.2 கோடி டாலர். 1999 ஏப்ரல்ல ஆரம்பிக்க வேண்டியது ஜூலைக்கு இழுத்துச்சு. அக்டோபர் கடைசியில அவங்க ஊர்ல ஹாலோவீன், ஊர் பூராவும் பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுக்கிற பண்டிகை, ஆர்டர் குவியுற நேரம். ஆனது ஆகட்டும்னு பல பிரிவை ஒண்ணாத் திறந்துவிட்டாங்க. 10 கோடி டாலருக்கு மேல ஆர்டர், கடைக்குச் சரக்குப் போய்ச் சேரல. சாக்லேட் இல்லாமலா? கிடங்குல மலையா இருந்துச்சு மாப்ளே! சீசன்ல இடம் பத்தாம அங்கங்க ஒதுக்கி வைக்கிற பழக்கம் அவங்களுக்கும் உண்டு, அந்த இடங்கள் கம்ப்யூட்டர்ல பதிவாகல. ஹெர்ஷீஸ்க்கும் ஒரு மாடிப்படி இருந்திருக்குது.

இதுல நம்ம எல்லைக்காரங்களுக்குன்னே ஒரு தனி வில்லங்கம். பிளேட்டிங் போட பொம்மசந்திராவுக்கு அனுப்பி வச்சிருக்கே பாரு, அது யாரு கணக்கு? சரக்கு உன்னுது, இருக்கிற இடம் வேற மாநிலம். ஜாப் வொர்க்குக்கு மாநிலம் தாண்டி அனுப்பினா 50,000 கணக்கெல்லாம் இல்ல, அஞ்சாயிரம் ரூபாய் மூட்டைக்கும் இ-வே பில் வேணும். அனுப்பின சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பலைன்னா, அனுப்பின அன்னைக்கே வித்ததா வச்சு வரி கேப்பாங்க. இதெல்லாம் இப்போ உன் டெஸ்பாட்ச் பையன் சட்டைப்பையில இருக்கிற சின்ன நோட்டுல இருக்குது. அவன் சட்டையைத் துவைக்கப் போடுறதுக்கு முன்னாடி அந்த நோட்டை வாங்கிக்க. ஆரம்பிக்கிற நாள்ல உன் கூரைக்கு வெளியில எவ்வளவு சரக்கு இருக்குதுன்னு ஒவ்வொரு பிளேட்டிங்காரர்கிட்டயும் ஒப்புதல் எழுதி வாங்காம பட்டனைத் தொடாதே.

உன் கணக்குப்பிள்ளை ஏப்ரல் 1 கேக்குறதுல நியாயம் இருக்குது, மறுக்கல. புது வருஷம், பழைய பாக்கி எல்லாம் ஒரே கோட்டுல நிக்கும், பாதி வருஷம் அங்க பாதி வருஷம் இங்கன்னு ஆடிட்டர் திட்ட மாட்டாரு. ஆனா மார்ச் கடைசி வாரத்துல உங்க ஆளுங்க முகத்தைப் பார்த்திருக்கியா? டெஸ்பாட்ச் டார்கெட், பாக்கி வசூல், ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கேட்டு பேங்க்காரன். அந்த வாரத்துல இதையும் தலையில ஏத்தினா ரெண்டையும் கீழ போடுவாங்க. நம்ம பக்கம் மாங்கூழ் கம்பெனி நடத்துறவங்க தோத்தாபுரி லாரி வரிசைகட்டி நிக்கிற சீசன்ல எடைமேடையில புது மிஷினைத் தொட மாட்டாங்க. சீட்டு வர லேட்டானா பழம் காத்திருக்காதுன்னு தெரியும். உனக்கு ஆர்டர் மெதுவா இருக்கிற மாசம் எதுவோ, அதோட ஒண்ணாம் தேதி போதும். அது ஆடியா இருந்தா ஜோசியரை நான் பார்த்துக்கிறேன். அவருக்கும் எனக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் இருக்குது.

மச்சானுக்கு ஒரு சேதி சொல்லு. நம்ம கம்பெனிக்கு ஏத்தாப்புல சாப்ட்வேரையே மாத்திடலாம்னு அவன் பேசிக்கிட்டிருக்கிறதாக் கேள்விப்பட்டேன். ஜெர்மனியில லிடில்னு பெரிய கடைக்காரங்க, ஊரெல்லாம் கிளை. 2011-ல புது சாப்ட்வேர் வேலையை ஆரம்பிச்சாங்க. சரக்கிருப்பை வாங்கின விலையில வச்சுக் கணக்குப் பார்க்கிறது அவங்க பழக்கம். அந்த சாப்ட்வேர் விற்கிற விலையில பார்க்கும். பழக்கத்தை விட மாட்டோம்னு சாப்ட்வேரையே வெட்டி ஒட்டினாங்க. ஏழு வருஷம் ஒட்டினாங்க. ஏறக்குறைய 50 கோடி யூரோ போச்சுன்னு பேசிக்கிட்டாங்க. 2018-ல வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு பழசுக்கே திரும்பினாங்க. அவங்ககிட்ட 50 கோடி யூரோ இருந்துச்சு. உன் மச்சான்கிட்ட எவ்வளவு இருக்குதுன்னு கேட்டுப்பாரு.

இன்னொண்ணு, பழைய நோட்டு. கொஞ்ச நாள் ரெண்டையும் எழுதட்டும், பழசும் இருக்கட்டும் புதுசும் இருக்கட்டும்னு நீ தாராள மனசோட சொல்லியிருக்கே. ஒரு மாசம் சரி. சாயங்காலம் ரெண்டையும் ஒத்துப் பார்க்க ஆள் இருந்தா ரொம்பச் சரி. ஆனா முடிக்கிற தேதியைச் சொல்லாம விட்டா, ஆளுங்க நோட்டுல நிஜத்தை எழுதுவாங்க, கம்ப்யூட்டர்ல உனக்குப் பிடிச்சதை எழுதுவாங்க. வருஷம் முடியும்போது உன் ரூம்ல பச்சைக் கலர்ல லாபம் தெரியும், ஸ்டோர்ல புஷ் இருக்காது. தேதி போட்டு, அன்னைக்குச் சாயங்காலம் பழைய நோட்டுல கோடு இழுத்துக் கையெழுத்து வாங்கி, பீரோவுல பூட்டிடு.

நின்னுபோனா என்ன பண்றதுன்னும் முன்னாடியே பேசி வை. உன் விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியாச்சு. 2023 ஆகஸ்ட்லருந்து உனக்கும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். சாப்ட்வேர் நின்னா பில் நிக்கும், பில் நின்னா வண்டி நிக்கும், வண்டி நின்னா ஓசூர்ல ஒருத்தரோட லைன் நிக்கும், அப்புறம் உன் போன் நிக்காது. அரசுத் தளத்துலயே நேரா போய்ச் சீட்டுப் போடத் தெரிஞ்ச ஒரு ஆளைப் பழக்கி வை. இத்தனை மணிக்குள்ள சரியாகலைன்னா இன்னைக்குப் பழைய முறைதான்னு சொல்ற அதிகாரத்தையும் ஒருத்தர் கையில கொடு. உன் கையில வேண்டாம். நீ அன்னைக்கு போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருப்பே.

பாஸ்வேர்டு பத்தியும் கேள்விப்பட்டேன். மூணு ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் உன் பேர், கம்ப்யூட்டர் மேலயே ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டியிருக்குதாம். தப்பு நடந்தா யாரு பண்ணினதுன்னு பார்த்தா நீதான் பண்ணினதா வரும். அதுலயும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது.

டீ ஆறிப்போச்சு, குடி. பத்திரிகையை நான் வச்சுக்கிறேன், பின்பக்கம் வெள்ளையா இருக்குது, கணக்கெழுத ஆகும். ப்ளெக்ஸ்காரன்கிட்ட அட்வான்ஸைத் திரும்ப வாங்கு, கொடுக்க மாட்டான், இருந்தாலும் கேளு. நேரா போய் ஸ்டோர்காரர் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து, 'என்னைக்கு ஆரம்பிக்கலாம்'னு அவரைக் கேளு. அவர் சொல்ற நாளுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கேட்டைப் பூட்டி எல்லாத்தையும் எண்ணு. எண்ண ஆள் பத்தலைன்னா சொல்லு, நான் வர்றேன். மாடிப்படிக்கு அடியில எனக்குத்தான் நல்லாத் தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் வச்சுடாதே, எனக்குச் சந்தை இருக்குது.